மாறியை மாற்றித் தொகையிடல்: சீகண்டின் தொகை முதல் லெம்னிஸ்கேட்டின் வில் வரை

நுண்கணிதத்தின் இரு பெரும் செயல்களுள் வகையிடல், அதாவது ஒரு சார்பு தன் மாறியைப் பொறுத்து எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று காணும் செயல், விதிகளுக்கு முழுமையாகக் கட்டுப்பட்டது. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் தனித்தனி விதிகளும், ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு அடங்கியிருக்கும்போது பயன்படும் சங்கிலி விதியும் கையில் இருந்தால், எவ்வளவு சிக்கலான கோவையையும் பொறுமையுள்ள எவரும் வகையிட்டுவிட முடியும். அதன் எதிர்ச்செயலான தொகையிடல், அதாவது மாறும் வேகத்தைக் கொண்டு மொத்த மாற்றத்தையோ வளைகோட்டின் கீழ் அடங்கும் பரப்பையோ காணும் செயல், அத்தகைய உறுதி எதையும் தருவதில்லை. இரு சார்புகளைத் தனித்தனியே தொகையிடத் தெரிந்திருந்தாலும் அவற்றின் பெருக்கலைத் தொகையிட அந்த அறிவு போதுவதில்லை. இந்த இடத்தில் மாணவர்க்கு முதலில் கற்பிக்கப்படும் கருவி பிரதியிடல் முறை; பெரும்பாலான பாடநூல்களில் அது சில தந்திரங்களின் தொகுப்பாகவே நின்றுவிடுகிறது. உண்மையில் அது, ஒரே அளவை வேறொரு மாறியின் கண்கொண்டு அளக்கும் செயல் என்பதும், எந்த மாறியைத் தேர்ந்தால் கணக்கு நெகிழும் என்பதைச் சிக்கலின் வடிவியலே சொல்லும் என்பதும் இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்து.

பிரதியிடலின் வேர் சங்கிலி விதியில் இருக்கிறது. ஒரு வெளிச்சார்புக்குள் ஓர் உட்சார்பு அமைந்திருந்தால், வெளிச்சார்பின் வகைக்கெழுவை, உட்சார்பை அதனுள் அப்படியே வைத்த நிலையில் கண்டு, பின் உட்சார்பின் வகைக்கெழுவால் பெருக்க வேண்டும் என்பது அவ்விதி. இதை எதிர்த்திசையில் படித்தால், தொகையிட வேண்டிய கோவையில் ஓர் உட்சார்பும் அதன் வகைக்கெழுவும் பெருக்கலாகச் சேர்ந்து காணப்படும் இடங்களில், அந்த உட்சார்பையே புதிய மாறியாகக் கொள்ளலாம் என்று தெரிகிறது. அப்போது உட்சார்பின் வகைக்கெழு, பழைய மாறியின் வகையீட்டோடு சேர்ந்து புதிய மாறியின் வகையீடாகிவிடுகிறது. வகையீடு என்பது மாறியில் ஏற்படும், எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக்கத்தக்க மாற்றம்.

எடுத்துக்காட்டாக, பழைய மாறியைக் க என்றும் புதிய மாறியைச் ச என்றும் குறித்து, க ÷ (1 + க²) என்ற சார்பை 0 முதல் 2 வரை தொகையிட வேண்டும் என்று கொள்ளலாம். பகுதியில் நிற்கும் 1 + க² என்பதன் வகைக்கெழு 2க; தொகுதியில் நிற்பதோ க, அதாவது அந்த வகைக்கெழுவின் பாதி. ஆகவே 1 + க² என்பதைச் ச எனக் கொண்டால், க-வும் க-வின் வகையீடும் சேர்ந்த பெருக்கல், ச-வின் வகையீட்டில் பாதியாக மாறுகிறது. கோவை முழுவதும் 1 ÷ ச என்பதன் பாதியாகச் சுருங்குகிறது. க 0 ஆக இருக்கும்போது ச 1 என்றும், க 2 ஆகும்போது ச 5 என்றும் ஆவதால், எல்லைகளும் 1, 5 என மாற வேண்டும். 1 ÷ ச என்பதன் தொகை இயல் மடக்கை, அதாவது ஏறத்தாழ 2.718 என்ற எண்ணை அடிமானமாகக் கொண்ட மடக்கை. எனவே விடை 5-இன் இயல் மடக்கையில் பாதி, ஏறத்தாழ 0.805.

இந்தக் கணக்கில் பயில்பவர் பெரும்பாலும் தவறவிடுவது வகையீட்டின் மாற்றம். கோவைக்குள் மாறியை மாற்றிவிட்டு வகையீட்டைப் பழையபடியே விட்டுவிடுவது, ஒரு குவியல் நெல்லை மரக்காலால் அளக்கத் தொடங்கிப் படியால் முடித்து, கிடைத்த எண்களை வேறுபாடின்றிக் கூட்டுவதற்கு ஒப்பாகும். அளவை மாறினால் எண்ணிக்கையும் அதற்கேற்ப மாறினால்தான் நெல்லின் அளவு மாறாதிருக்கும். தொகையீடு என்பது குறுகிய பட்டைகளின் பரப்புகளைக் கூட்டிப் பெறும் எல்லை மதிப்பு. ஒவ்வொரு பட்டைக்கும் உயரமும் உண்டு, அகலமும் உண்டு. 1 + க² என்ற புதிய மாறியில், க-வின் அச்சில் சம அகலத்தில் நின்ற பட்டைகள் வலப்புறம் செல்லச் செல்ல அகன்றுகொண்டே போகின்றன; அகலம் எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவு உயரம் குறைந்தால்தான் பட்டையின் பரப்பு நிலைத்திருக்கும். உட்சார்பின் வகைக்கெழு இந்த ஈடுகட்டலைச் செய்யும் பெருக்கி.

இந்த ஈடுகட்டலைக் குறியீட்டிலேயே பொதித்துவைத்தவர் கோட்ஃபிரீட் வில்ஹெல்ம் லைப்னிட்ஸ். பாரிசில் வாழ்ந்த காலத்தில், 1675 அக்டோபர் 29 நாளிட்ட கையெழுத்துப் படியில், கூட்டுத்தொகையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டி வரைந்து ∫ என்ற குறியை அவர் அறிமுகப்படுத்தினார். அடுத்த சில நாள்களிலேயே வகையீட்டுக்கான குறியும் அவர் எழுத்தில் இடம்பெற்றது. தொகைக் குறிக்குப் பின் சார்பை மட்டும் எழுதி நிறுத்தாமல் மாறியின் வகையீட்டையும் உடன் எழுதும் அவருடைய வழக்கத்தால், மாறியை மாற்றும்போது எது எதனால் பெருக்கப்பட வேண்டும் என்பது பின்னங்களைச் சுருக்குவது போலத் தானே வெளிப்படுகிறது. இந்தச் சுருக்கல் தன்னளவில் நிரூபணம் ஆகாது. நிரூபணம் சங்கிலி விதியிலும், தொகையிடலும் வகையிடலும் ஒன்றையொன்று எதிர்ச்செயலாக நீக்கும் என்ற அடிப்படைத் தேற்றத்திலும் இருக்கிறது. ஆயினும் சரியான வழியில் கையை நடத்திச் செல்லும் குறியீடு என்ற வகையில், கணித வரலாற்றில் இதற்கு இணையானவை சிலவே.

முன்னர்க் கண்ட கோவையின் தொகுதியில் க-வை நீக்கி 1-ஐ வைத்தால், 1 ÷ (1 + க²) என்ற சார்பு கிடைக்கும். தோற்றத்தில் இது முந்தையதைவிட எளியது. பிரதியிடலுக்கோ முற்றிலும் வேறானது. 1 + க² என்பதைப் புதிய மாறியாகக் கொண்டால், அதன் வகைக்கெழுவான 2க கோவையில் எங்கும் இல்லை. இல்லாததை வரவழைக்க முயன்றால் பகுதியில் ஒரு வர்க்கமூலம் தோன்றிக் கணக்கு முன்னினும் கடினமாகும். இங்கு வேண்டியது எதிர்த்திசைப் பிரதியிடல்: கோவைக்குள் இருக்கும் ஒன்றைப் புதிய பெயரால் அழைப்பதற்கு மாறாக, பழைய மாறியையே ஒரு புதிய மாறியின் சார்பாக எழுதுவது. க-வை ஒரு கோணத்தின் டேன்ஜென்ட் எனக் கொண்டால், 1 + க² அக்கோணத்தின் சீகண்டின் வர்க்கமாகிறது. க-வின் வகையீடும் அதே சீகண்ட் வர்க்கத்தைக் கோணத்தின் வகையீட்டால் பெருக்கியதாக அமைகிறது. மேலும் கீழும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, எஞ்சுவது கோணம் மட்டுமே. 0 முதல் 1 வரையிலான தொகை 45 பாகை, அதாவது பையின் கால் பகுதி. செங்கோண முக்கோணத்தின் அடி 1 எனவும் உயரம் க எனவும் வைத்தால் கர்ணத்தின் வர்க்கம் 1 + க² என்பதால், அக்கோவை தொடக்கம் முதலே ஒரு முக்கோணத்தைத் தன்னுள் தாங்கி நிற்பது தெரியும்.

அதே தொகையை, 1 ÷ (1 + க²) என்பதை முடிவிலாப் பெருக்குத் தொடராக விரித்து உறுப்பு உறுப்பாகத் தொகையிட்டும் பெறலாம். அப்போது பையின் கால் பகுதி, 1-இலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து என்று தொடரும் வரிசையாக வெளிப்படும். லைப்னிட்ஸ் இதை 1670-களில் கண்டார். கேரளத்துச் சங்கமகிராமத்து மாதவர் அவருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இத்தொடரை அறிந்திருந்தார் என்பதை, பதினாறாம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷா விளக்கமான நிரூபணத்தோடு காட்டுகிறது. தொகுதியில் க² நிற்கும் மூன்றாவது வடிவத்துக்குப் பிரதியிடலே வேண்டியதில்லை. வகுத்துப் பார்த்தால் அது 1-இலிருந்து இரண்டாவது வடிவத்தைக் கழித்ததே. ஒரே பகுதியின் மேல் 1, க, க² என்று மூன்று வெவ்வேறு தொகுதிகள் அமர்ந்த அளவில் மூன்று வெவ்வேறு வழிகள் தேவைப்படுகின்றன என்பதால், பார்வைக்கு ஒத்திருப்பதை வைத்து முறையைத் தேர்வது எவ்வளவு பிழையானது என்பது புலப்படும்.

பிரதியிடலின் ஆற்றலை முழுமையாகக் காட்டும் தொகையீடு சீகண்டினுடையது. கோசைனின் தலைகீழான இச்சார்பின் தொகை, கணிதர்களின் ஆய்வறையில் எழுந்த கேள்வியன்று. கடலில் எழுந்த கேள்வி. டூயிஸ்பர்க் நகரில் பணியாற்றிய ஜெரார்டஸ் மெர்க்கேட்டர் 1569-இல் வெளியிட்ட உலக வரைபடத்தின் நோக்கம், திசைகாட்டியில் ஒரே திசையை விடாது பிடித்துச் செல்லும் கப்பலின் பாதை வரைபடத்தில் நேர்கோடாக அமைய வேண்டும் என்பது. அதற்குக் கோணங்கள் திரியாமல் இருக்க வேண்டும். உருண்டைப் புவியில், நிலநடுக்கோட்டிலிருந்து விலகும்போது அட்சக்கோட்டு வட்டங்கள் அட்சக்கோணத்தின் கோசைன் அளவுக்குச் சிறுத்துக்கொண்டே போகின்றன. தட்டையான வரைபடத்திலோ அவை எல்லாம் நிலநடுக்கோட்டின் நீளத்துக்கே இழுக்கப்படுகின்றன. கிழக்கு மேற்காக நேரும் இந்த இழுவை சீகண்ட் மடங்கு. கோணம் காக்கப்பட வேண்டுமானால், வடக்கு தெற்காகவும் அதே இடத்தில் அதே மடங்கு இழுத்தாக வேண்டும். 60 பாகை அட்சக்கோட்டில் சீகண்டின் மதிப்பு 2. அங்கு ஒவ்வொரு சிறு வடதிசை நகர்வும் வரைபடத்தில் இரு மடங்காகிறது. ஆகவே ஓர் அட்சக்கோடு வரைபடத்தில் எவ்வளவு உயரத்தில் வரையப்பட வேண்டும் என்பது, நிலநடுக்கோடு முதல் அந்த அட்சக்கோடு வரை சீகண்டைத் தொகையிட்டால் கிடைப்பது.

மெர்க்கேட்டர் தம் வரைபடத்துக்குச் சூத்திரம் எதையும் தரவில்லை. ஆங்கிலேயக் கணிதர் எட்வர்ட் ரைட், கடற்பயணப் பிழைகளைப் பற்றி 1599-இல் வெளியிட்ட நூலில், சிறு சிறு இடைவெளிகளில் சீகண்ட் மதிப்புகளை அடுத்தடுத்துக் கூட்டி ஓர் அட்டவணையைத் தந்தார். தொகையிடல் என்ற பெயர் பிறக்கும் முன்பே, தொகையீட்டை எண்வழியாகக் கண்ட உழைப்பு அது. பின்னர் 1614-இல் ஜான் நேப்பியர் மடக்கைகளை வெளியிட, அதைத் தொடர்ந்து டேன்ஜென்ட்டுகளின் மடக்கை அட்டவணைகளும் அச்சாயின. 1645 அளவில் ஹென்றி பாண்ட் என்ற கணித ஆசிரியர், ரைட்டின் அட்டவணை எண்களும், அட்சக்கோணத்தின் பாதியோடு 45 பாகையைக் கூட்டிய கோணத்தின் டேன்ஜென்ட்டுக்குரிய மடக்கைகளும் ஒத்துப்போவதைக் கண்டார். நிரூபணம் எதுவும் இல்லை. இரு அட்டவணைகளின் ஒற்றுமை மட்டுமே இருந்தது. இந்த ஊகத்தின் நிரூபணம் அக்காலக் கணிதர்களுக்கு ஒரு சவாலாகவே நின்றது. 1666-இல் நிகோலஸ் மெர்க்கேட்டர், வரைபடத்தின் மெர்க்கேட்டரோடு குழப்பக் கூடாத வேறொருவர், அதன் மீது பந்தயமே கூறினார். 1668-இல் ஜேம்ஸ் கிரெகரி நிரூபித்தார். அவருடைய வழி படிப்பவரைத் திணறவைக்கும் அளவுக்குக் கடினமாக இருந்தது. 1670-இல் வெளிவந்த வடிவியல் சொற்பொழிவுகளில் ஐசக் பாரோ தந்த நிரூபணமே தெளிவானது.

பாரோவின் நிரூபணம் வடிவியல் மொழியில் எழுதப்பட்டது. அதன் சாரத்தை இன்றைய மொழியில் சொன்னால், அது ஒரு பிரதியிடல். சீகண்ட் என்பது 1 ÷ கோசைன்; மேலும் கீழும் கோசைனால் பெருக்கினால், தொகுதியில் கோசைனும் பகுதியில் கோசைனின் வர்க்கமும் நிற்கும்; அவ்வர்க்கம் 1-இலிருந்து சைனின் வர்க்கத்தைக் கழித்ததற்குச் சமம். இப்போது சைனைப் புதிய மாறி ச எனக் கொண்டால், அதன் வகைக்கெழுவான கோசைன் தொகுதியில் ஆயத்தமாக நிற்கிறது. முக்கோணவியல் முழுவதும் மறைந்து, 1 ÷ (1 − ச²) என்ற வெறும் விகிதமுறு சார்பு எஞ்சுகிறது. 1 − ச² என்பதை (1 + ச), (1 − ச) என்ற இரு காரணிகளாகப் பிரித்தால், அக்கோவை 1 ÷ (1 + ச), 1 ÷ (1 − ச) ஆகிய இரு பின்னங்களின் கூட்டுத்தொகையில் பாதியாகிறது. இவ்வாறு பிரிப்பதே பகுதிப் பின்னங்கள் என்று அழைக்கப்படும் முறை. ஒவ்வொன்றின் தொகையும் மடக்கை ஆதலால், விடை (1 + ச) ÷ (1 − ச) என்பதன் இயல் மடக்கையில் பாதி. மடக்கை ஏன் ரைட்டின் அட்டவணைக்குள் மறைந்திருந்தது என்ற கேள்விக்கு இது முழு விடை.

30 பாகை அட்சக்கோட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அதன் சைன் 1/2. ஆகவே அவ்விகிதம் 3. விடை 3-இன் இயல் மடக்கையில் பாதி, ஏறத்தாழ 0.549. பாண்டின் ஊகப்படி வேண்டியது 45 பாகையோடு 15 பாகையைக் கூட்டிய 60 பாகையின் டேன்ஜென்ட், அதாவது √3, என்பதன் மடக்கை. அதுவும் அதே எண். உருண்டையில் 30 பாகையின் வில்நீளம் ஆரத்தின் 0.524 மடங்கு, வரைபடத்தில் அது 0.549 மடங்காகியிருக்கிறது. 60 பாகைக்கு வில்நீளம் 1.047, வரைபட உயரமோ 1.317. 90 பாகையை நெருங்கும்போது 1 − ச சுழியை நோக்கிச் செல்வதால் மடக்கை எல்லையின்றி வளர்கிறது. துருவங்கள் மெர்க்கேட்டர் வரைபடத்தில் ஒருபோதும் இடம்பெற முடியாததன் காரணம் அந்தப் பகுதியில் நிற்கும் ஒரு காரணியே.

இவ்வளவு தெளிவான வழி இருக்க, இன்றைய பாடநூல்கள் பல சீகண்டைத் தொகையிட வேறொரு வழியைக் கற்பிக்கின்றன. சீகண்டையும் டேன்ஜென்ட்டையும் கூட்டிய கோவையால் மேலும் கீழும் பெருக்கச் சொல்கின்றன. பெருக்கியபின் தொகுதி, பகுதியின் வகைக்கெழுவாக அமைந்துவிடுவதால், விடை அக்கூட்டுத்தொகையின் மடக்கை என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. சரிதான், ஆனால் அந்தப் பெருக்கியை யாரும் தேடிக் கண்டடைய முடியாது, விடையை முன்பே அறிந்தவரே எழுத முடியும். பாண்டின் ஊகமும் கால் நூற்றாண்டுத் தேடலும் கொடுத்த பயனை ஒரு மந்திரமாகச் சுருக்கி மாணவர் கையில் கொடுப்பது, பிரதியிடல் என்பதே வியப்பூட்டும் தந்திரம் என்ற தவறான எண்ணத்தை அவர்கள் உள்ளத்தில் ஊன்றிவிடுகிறது. பாரோவின் வழியோ, ஒற்றைப் படியில் கோசைன் இருந்தால் சைனை மாறியாக்கலாம் என்ற, எங்கும் பயன்படும் ஒரு சிந்தனையைத் தருகிறது. கற்பிப்பவர் தேர்ந்தெடுக்க வேண்டியது அதையே.

சைன், கோசைன் ஆகிய இரண்டையும் கூட்டியும் பெருக்கியும் வகுத்தும் அமைக்கப்பட்ட எந்தக் கோவையையும் தொகையிட்டுத்தரும் பொதுவழி ஒன்று உண்டா என்ற கேள்விக்கும் பிரதியிடலே விடை தருகிறது. கோணத்தின் பாதியினுடைய டேன்ஜென்ட்டைப் புதிய மாறி ச எனக் கொண்டால், கோசைன் (1 − ச²) ÷ (1 + ச²) ஆகவும், சைன் 2ச ÷ (1 + ச²) ஆகவும், கோணத்தின் வகையீடு ச-வின் வகையீட்டை 2 ÷ (1 + ச²) என்பதால் பெருக்கியதாகவும் மாறுகின்றன. அதன்பின் எஞ்சுவது ச-வின் விகிதமுறு சார்பு. அத்தகைய சார்பு எதுவும் பகுதிப் பின்னங்களால் தொகையிடத்தக்கது. 1768 முதல் 1770 வரை சென்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வெளிவந்த தொகை நுண்கணித நூலில் லியோன்ஹார்ட் ஆய்லர் இதைக் கையாண்டிருக்கிறார்; கார்ல் வயர்ஸ்ட்ராஸ் 1815-இல்தான் பிறந்தார் என்றிருந்தும், பல பாடநூல்களில் அவர் பெயராலேயே இப்பிரதியிடல் வழங்கிவருகிறது. சீகண்டில் இதைப் பயன்படுத்தினால், 2 ÷ (1 − ச²) என்ற கோவையும், (1 + ச) ÷ (1 − ச) என்பதன் மடக்கையும் கிடைக்கின்றன. 45 பாகையோடு பாதிக் கோணத்தைக் கூட்டியதன் டேன்ஜென்ட் சரியாக இந்த விகிதமே என்பதால், பாண்ட் அட்டவணையில் கண்ட வடிவம் இங்கு நேராகவே வந்து நிற்கிறது.

பாதிக் கோணம் எங்கிருந்து வந்தது என்பதை விளக்காமல் இச்சூத்திரங்களை மனப்பாடம் செய்விப்பது பெரிய இழப்பு. ஆரம் 1 உடைய வட்டத்தின் இடக்கோடிப் புள்ளி வழியாக ஒரு நேர்கோட்டை வரைந்தால், அது வட்டத்தை இன்னொரு புள்ளியில் வெட்டும். அக்கோட்டின் சாய்வே ச. வட்டத்தின் மேல் நின்று ஒரு வில்லைப் பார்க்கும் கோணம், மையத்திலிருந்து பார்க்கும் கோணத்தில் பாதி என்ற பள்ளிக்கூடத் தேற்றமே சாய்வைப் பாதிக் கோணத்தின் டேன்ஜென்ட்டாக்குகிறது. கோட்டையும் வட்டத்தையும் சேர்த்துத் தீர்க்கும்போது எழுவது இருபடிச் சமன்பாடுதான். ஆனால் அதன் ஒரு மூலம், கோடு தொடங்கும் புள்ளியாக, முன்பே தெரிந்தது. ஆகவே மற்றொரு மூலம் வர்க்கமூலம் எடுக்காமலே, வெறும் வகுத்தலால் கிடைத்துவிடுகிறது. சாய்வு விகிதமுறு எண்ணாக இருந்தால் வெட்டும் புள்ளியின் ஆயத்தொலைகளும் விகிதமுறு எண்களாகும்: சாய்வு 1/2 எனில் 3/5, 4/5 என்ற புள்ளியும், அதன் வழியே 3, 4, 5 என்ற செங்கோண முக்கோணமும் கிடைக்கும், சாய்வு 2/3 எனில் 5, 12, 13 என்ற முக்கோணம் கிடைக்கும். முழு எண் பக்கங்களைக் கொண்ட செங்கோண முக்கோணங்களைத் தேடியவர்களும், முக்கோணவியல் கோவைகளைத் தொகையிட முயன்றவர்களும், தங்களை அறியாமலே ஒரே கோட்டை வரைந்துகொண்டிருந்தார்கள்.

வட்டத்துக்குப் பொருந்தும் இவ்வாதம் நீள்வட்டத்துக்கும் பரவளையத்துக்கும் அதிபரவளையத்துக்கும் அப்படியே பொருந்தும். நேர்கோடு அவற்றையும் இரு புள்ளிகளுக்கு மேல் வெட்டுவதில்லை. ஆகவே இருபடிக் கோவை ஒன்றின் வர்க்கமூலமும் மாறியும் கலந்த எந்த விகிதமுறு கோவையையும் பிரதியிடலால் விகிதமுறு சார்பாக்கிவிடலாம். ஆய்லர் பெயரால் வழங்கும் மூன்று பிரதியிடல்களும் இதன் வெவ்வேறு தோற்றங்கள்.

மாறியை மாற்றும் உரிமைக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு; பயில்பவர் பலர் அதை மீறியே விடை தவறுகிறார்கள். 1 ÷ (1 + க²) என்பதை −1 முதல் 1 வரை தொகையிடும்போது க-வை 1 ÷ ச என மாற்றினால், எல்லைகள் அதே −1, 1 ஆகவே இருக்க, கோவை தன் எதிர்க்குறி வடிவமாக மாறுவதைக் காணலாம். ஒரு தொகை தன் எதிர்க்குறிக்குச் சமம் என்றால் அது சுழியாக வேண்டும். ஆனால் எங்கும் மிகையாக உள்ள சார்பின் கீழ்ப் பரப்பு சுழியாக முடியாது. உண்மை மதிப்பு பையில் பாதி. பிழை, 1 ÷ ச என்ற சார்பு சுழியில் உடைவதில் இருக்கிறது: ச −1-இலிருந்து 1 வரை நடந்தால் க −1-இலிருந்து எதிர்த்திசையில் முடிவிலிக்குச் சென்று, மறுபுறம் முடிவிலியிலிருந்து திரும்பி வந்து 1-ஐ அடைகிறது, இடையே கடக்க வேண்டிய பாதையில் ஓரடியும் வைக்கவில்லை. புதிய மாறி தன் இடைவெளி முழுவதும் தொடர்ச்சியாக வகையிடத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தேற்றத்தில் எழுதியிருப்பதன் பொருள் இதுவே. பாதிக் கோணப் பிரதியிடலும் 180 பாகையில் இவ்வாறே உடைவதால், முழுச் சுற்றுக்குத் தொகையிடும்போது அதே எச்சரிக்கை வேண்டும்.

மூன்றாம் அல்லது நான்காம் படிப் பல்லுறுப்புக்கோவை, மடங்கு மூலங்கள் இன்றி, வர்க்கமூலத்துக்குள் நின்றால் நிலைமை அடியோடு மாறுகிறது. மூன்றாம் படி வளைகோட்டை ஒரு நேர்கோடு மூன்று புள்ளிகளில் வெட்டும்; ஒன்று முன்பே தெரிந்தாலும் எஞ்சுவது இருபடிச் சமன்பாடு; அதைத் தீர்க்கையில், விரட்டிய வர்க்கமூலம் மீண்டும் வந்து நிற்கும். இது நிரூபணம் ஆகாது என்றாலும், தடை எங்கு இருக்கிறது என்பதைச் சுட்டிவிடுகிறது. நீள்வட்டத்தின் சுற்றளவும், அகன்று ஊசலாடும் தனி ஊசலின் அலைவு நேரமும் இத்தகைய தொகையீடுகள். நீள்வட்டத்தோடு கொண்ட தொடர்பால் இவற்றுக்கு நீள்வட்டத் தொகையீடுகள் என்று பெயர். பள்ளியில் அறிமுகமாகும் சார்புகளைக் கொண்டு இவற்றை எழுத முடியாது என்பதை 1830-களில் ஜோசப் லியூவில் நிறுவினார்.

ஆனால் பிரதியிடலின் பணி அந்தத் தடையோடு முடிந்துவிடவில்லை; அதன் மிக அழகிய வெற்றி அங்கேதான் நிகழ்ந்தது. ஜேக்கப் பெர்னூலி 1694-இல் விவரித்த லெம்னிஸ்கேட் என்ற, கிடத்தப்பட்ட எட்டு வடிவ வளைகோட்டின் வில்நீளம், 1 ÷ √(1 − க⁴) என்பதன் தொகை. இத்தாலியக் கணிதர் ஜூலியோ ஃபன்யானோ 1718-இல் வெளியிட்ட ஆய்வில், க² என்பதை 2ச² ÷ (1 + ச⁴) என்று மாற்றிப் பார்த்தார். பாதிக் கோணத்தில் சைன் ஏற்ற வடிவமே இது. ச இருந்த இடத்தில் ச² அமர்ந்திருக்கிறது. வட்டத்தில் அவ்வடிவம் வர்க்கமூலத்தை அடியோடு அழித்தது. இங்கோ மூலம் ஓரிடத்தில் அழிந்து, வகையீட்டின் வழியே மறுபடி நுழைந்து, √2 மடங்காக 1 ÷ √(1 + ச⁴) என்று குறி மாறி நின்றது. மனம் தளராமல் அவர் குறியை எதிராக்கிய அதே வடிவத்தை மீண்டும் ஒரு முறை பிரதியிட்டபோது, இன்னொரு √2 வெளிவர, உள்ளே தொடங்கிய 1 − என்ற வடிவமே திரும்பி வந்தது. இரண்டு √2-களின் பெருக்கல் 2. தொகையீடு தீரவில்லை, ஆனால் தன்னைப் போன்றதன் இரு மடங்காக மாறிவிட்டது. கொடுத்த ஒரு லெம்னிஸ்கேட் வில்லின் நீளம் என்ன என்று தெரியாமலே, அதைப் போல் இரு மடங்கு நீளமுள்ள வில்லை அளவுகோலும் கவராயமும் கொண்டு குறிக்க முடியும் என்பது அதன் பொருள்.

ஃபன்யானோவின் தொகுப்பு பெர்லின் அகாதமி வழியே 1751 டிசம்பர் 23 அன்று ஆய்லரின் கைக்கு வந்தது. அந்நாளை நீள்வட்டச் சார்புகளின் பிறந்த நாள் என்று பின்னாளில் கார்ல் யாக்கோபி குறித்தார். இரட்டிப்பை எந்த இரு விற்களையும் கூட்டும் விதியாக ஆய்லர் விரித்தார். 1820-களில் நீல்ஸ் ஹென்ரிக் ஆபெலும் யாக்கோபியும் கேள்வியையே திருப்பிப் போட்டனர்: 1 ÷ √(1 − க²) என்பதன் தொகை கோணம் என்றும், அத்தொகையின் மேல் எல்லை அக்கோணத்தின் சைன் என்றும் கொள்வதுபோல, லெம்னிஸ்கேட்டின் வில்நீளத்தை மாறியாக வைத்து, மேல் எல்லையை அதன் சார்பாகக் கொள்ளலாம் என்றனர். ஃபன்யானோவின் பிரதியிடல் அந்தப் புதிய சார்பின் இரட்டிப்புச் சூத்திரமாயிற்று. அச்சார்போ, சைனைப் போல ஒரு திசையில் மட்டுமன்றி, கலப்பெண் தளத்தின் இரு திசைகளில் தன் மதிப்புகளைத் திரும்பத் திரும்ப எடுப்பதாக வெளிப்பட்டது.